இகாலுயிட்டிலிருந்து ரெசொலூட் பே எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

கனடாவின் வடகோடியில் இருக்கிறது நூனாவுட் பிரதேசம். அதன் தலைநகர் இகாலுயிட், பாஃபின் தீவின் தென்பக்கத்தில். அங்கிருந்து வடமேற்கே போனால் கார்ன்வாலிஸ் தீவு. அதில் ஏறத்தாழ இருநூறு பேர் வசிக்கும் ரெசொலூட் பே. இரண்டு ஊருக்கும் நடுவில் சாலை கிடையாது, ரயில் கிடையாது. கோடையில் சில வாரங்கள் சரக்குக் கப்பல் வரும். மற்றபடி விமானம்தான்.

தூரம் காட்டும் தளங்களில் இந்த இரண்டு பெயரையும் போட்டுப் பாருங்கள். ஒன்றில் 1,575 கி.மீ. என்று வரும், இன்னொன்றில் 1,581. பறக்கும் நேரம் இரண்டரை மணிக்குள் என்று சொல்லும். அதை நம்பி டிக்கெட்டைத் திறந்தால் போகும்போது மூன்றேகால் மணி நேரம், வரும்போது ஐந்தேகால் மணி நேரம் என்ற மாதிரி ஏதோ தெரியும். இதில் எதுவும் பொய் இல்லை. ஒவ்வொரு எண்ணும் எதைக் கணக்கில் சேர்க்கிறது, எதை விடுகிறது என்பதில்தான் வித்தியாசம்.

முதலில் தூரம்

விமான நிலையத்தின் இடத்தைச் சொல்ல இரண்டு எண் போதும். இகாலுயிட்: 63.756 டிகிரி வடக்கு, 68.556 டிகிரி மேற்கு. ரெசொலூட் பே: 74.717 வடக்கு, 94.969 மேற்கு. அட்சரேகை வித்தியாசம் 10.961 டிகிரி, தீர்க்கரேகை வித்தியாசம் 26.413 டிகிரி.

அட்சரேகையில் சிக்கல் இல்லை. உலகத்தில் எங்கே நின்றாலும் வடக்கு தெற்காக ஒரு டிகிரி என்றால் சுமார் 111 கி.மீ. தீர்க்கரேகை அப்படி அல்ல. அந்தக் கோடுகள் ஆரஞ்சுச் சுளைகளின் ஓரம் போல நடுவில் விலகி, துருவத்தில் ஒன்றுகூடுகின்றன. சென்னை இருக்கும் 13 டிகிரியில் ஒரு டிகிரி தீர்க்கரேகையின் அகலம் 108 கி.மீ. அட்சரேகைக்கும் தீர்க்கரேகைக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. அதனால் தமிழ்நாட்டு அளவில் வரைபடத்தைக் கட்டம் போட்ட தாளாக நினைத்துக் கணக்குப் போட்டாலும் ஓரளவு சரியாகவே வரும். இகாலுயிட்டில் அதே ஒரு டிகிரி 49 கி.மீ. ரெசொலூட் பேயில் 29 கி.மீ. கட்டம் போட்ட தாள் அங்கே உதவாது.

எவ்வளவு தப்பாகும் என்று போட்டுப் பார்க்கலாம். இரண்டு திசையிலும் டிகிரிக்கு 111 கி.மீ. என்று வைத்துக்கொண்டு பிதாகரஸ் தேற்றத்தைப் பயன்படுத்தினால் விடை 3,174 கி.மீ. உண்மையான தூரத்தைப் போல இரண்டு மடங்கு. சுவரில் மாட்டும் உலகப்படத்தில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரிவதும் இதே கோளாறுதான்.

சரியான விடைக்கு ஒரு சாதாரண சயின்டிஃபிக் கால்குலேட்டர் போதும். சூத்திரம் இது:

கொசைன்(தூரக் கோணம்) = சைன்(அட்ச 1) × சைன்(அட்ச 2) + கொசைன்(அட்ச 1) × கொசைன்(அட்ச 2) × கொசைன்(தீர்க்க வித்தியாசம்)

நம் எண்களைப் போட்டால் முதல் பெருக்கம் 0.86521, இரண்டாவது 0.10438. கூட்டினால் 0.96959. இதற்குத் தலைகீழ் கொசைன் எடுத்தால் 14.166 டிகிரி வரும். அதை 111.195-ஆல் (ஒரு டிகிரிக்கு இத்தனை கி.மீ.) பெருக்கினால் 1,575 கி.மீ. கடல் மைலில் வேண்டுமென்றால் டிகிரியை 60-ஆல் பெருக்குங்கள்: 850. விமானிகள் பேசுவது இந்தக் கணக்கில்தான். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ.

விடை தாறுமாறாக வந்தால் முதலில் கால்குலேட்டர் டிகிரிக்குப் பதில் ரேடியன் என்ற இன்னொரு கோண அளவில் இருக்கிறதா என்று பாருங்கள், பாதிப் பேருக்கு அங்கேதான் சறுக்கும். அடுத்த சறுக்கல் நிமிடங்களில். விமான நிலையக் குறிப்பேடுகள் 63 டிகிரி 45 நிமிடம் என்று எழுதும். அதை 63.45 என்று அடித்தால் போச்சு. 45-ஐ 60-ஆல் வகுத்து 63.75 என்று போட வேண்டும். இந்த ஒரு தவறு இகாலுயிட்டை 33 கி.மீ. தெற்கே தள்ளிவிடும். விடை நம்பும்படியாகவே இருக்கும் என்பதால் கண்டுபிடிப்பதும் கடினம்.

1,581 எங்கிருந்து வந்தது? மேலே உள்ள சூத்திரம் பூமியை முழு உருண்டையாக எடுத்துக்கொள்கிறது. உண்மையில் துருவப் பக்கம் பூமி சற்றுத் தட்டை. அங்கே வளைவு மெதுவாக இருப்பதால் ஒரு டிகிரி அட்சரேகைக்குக் கொஞ்சம் அதிகமாக நடக்க வேண்டும்: பூமத்தியரேகை அருகே 110.6 கி.மீ., துருவப் பக்கம் 111.6 கி.மீ. ஜிபிஎஸ் பயன்படுத்தும் தட்டையான பூமி மாதிரியை எடுத்துக்கொண்டால் நம் தூரம் ஆறு கி.மீ. கூடும். பறக்கும் நேரத்தில் அது முக்கால் நிமிடம்கூட இல்லை. இதற்காகச் சண்டை போட வேண்டியதில்லை.

நேர்கோடு, ஆனால் திசை மாறிக்கொண்டே இருக்கும்

இந்த 1,575 கி.மீ. உருண்டைமேல் மிகக் குறுகிய பாதை. அதில் பறப்பவர் ஸ்டியரிங்கைத் திருப்பாமலே நேராகத்தான் போகிறார். ஆனால் கிளம்பும்போது அவர் திசை 331 டிகிரி (உண்மை வடக்கிலிருந்து கடிகாரச் சுற்றில்). ரெசொலூட் பே வந்து சேரும்போது 307 டிகிரி. விமானம் திரும்பவில்லை, அடியில் வடக்கு என்பதே சாய்ந்துவிட்டது. தீர்க்கரேகைகள் நெருங்கும் இடத்தில் இது தவிர்க்க முடியாதது.

தென்னிந்தியாவில் இந்த விளைவு கிட்டத்தட்டப் பூஜ்யம். ஆர்க்டிக்கில் இது உயிர் போகும் விஷயம், ஏனென்றால் அங்கே காந்த ஊசியும் கைகொடுக்காது. 1831-இல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் காந்த வட துருவத்தைக் கண்டுபிடித்தது ரெசொலூட் பேக்குத் தெற்கே உள்ள பூத்தியா தீபகற்பத்தில்தான். இன்று அது நகர்ந்து சைபீரியா பக்கம் போய்விட்டது என்றாலும், இந்த வட்டாரத்தில் பூமியின் காந்த விசை பெரும்பாலும் கீழ்நோக்கியே இழுக்கிறது. ஊசியைக் கிடைமட்டமாகத் திருப்பும் பங்கு மிகக் குறைவு. அதனால் கனடாவின் வட வான்பகுதியில் திசைகள், ஓடுபாதை எண்கள் எல்லாம் உண்மை வடக்கை வைத்தே சொல்லப்படுகின்றன. தெற்கே எல்லாம் காந்த வடக்கு.

காந்தத்தை விட்டுச் சுழல்மானியை (வேகமாகச் சுழலும் சக்கரத்தை வைத்துத் திசை காட்டும் கருவி) நம்பினால் அதுவும் விலகும். பூமி மணிக்கு 15 டிகிரி சுழல்கிறது, 74.7 டிகிரி அட்சரேகையில் அதில் 14.5 டிகிரி சுழல்மானியின் விலகலாகத் தெரியும். திருத்தாமல் விட்டால் மூன்று மணி நேரத்தில் நாற்பது டிகிரிக்கு மேல். ஒரு டிகிரி தவறு 60 கடல் மைலுக்கு ஒரு கடல் மைல் பக்கவாட்டில் தள்ளும் என்பது விமானிகளின் கைக்கணக்கு.

2011 ஆகஸ்ட் 20 அன்று யெல்லோநைஃபிலிருந்து ரெசொலூட் பே வந்த ஃபர்ஸ்ட் ஏர் 6560 விமானம், ஓடுபாதைக்குக் கிழக்கே சுமார் ஒரு கடல் மைல் தள்ளி இருந்த குன்றில் மோதியது. 15 பேரில் 12 பேர் இறந்தார்கள். விசாரணையில் தெரிந்த காரணங்களில் ஒன்று, இறங்கத் தொடங்கும் முன்பே திசைமானி சில டிகிரி தவறாக இருந்ததும், இறக்கத்தின்போது அந்தப் பிழை இன்னும் வளர்ந்ததும். பாதையை விட்டு விலகியதை ஜிபிஎஸ் காட்டிக்கொண்டுதான் இருந்தது.

இப்போது நேரம்

தூரத் தளங்கள் நேரத்தை எப்படிச் சொல்கின்றன? பெரும்பாலும் ஒரே சூத்திரம்: மணிக்கு 500 மைல், அதாவது 805 கி.மீ.; ஏறவும் இறங்கவும் கூட அரை மணி. 1,575-ஐ 805-ஆல் வகுத்தால் 1 மணி 57 நிமிடம். அரை மணி சேர்த்தால் 2 மணி 27 நிமிடம்.

சூத்திரம் மோசமானது அல்ல. நார்வேயின் டிரோம்சோவிலிருந்து ஸ்வால்பார்டு தீவின் லாங்யியர்பியனுக்கு இதைப் போட்டுப் பாருங்கள். அதுவும் வடகோடிதான், 69.7 டிகிரியிலிருந்து 78.2 டிகிரிக்கு. தூரம் 958 கி.மீ. சூத்திரம் 1 மணி 41 நிமிடம் என்கிறது. அட்டவணையும் ஏறத்தாழ அதையேதான் சொல்லும். காரணம் எளிது. இரண்டு பக்கமும் தார் ஓடுபாதை, ஜெட் விமானம், நடுவில் நிறுத்தம் இல்லை, கடிகாரமும் ஒன்றே. (அங்கே கூடுதல் நேரம் தின்பது பாஸ்போர்ட் வரிசை. நடுவில் பாஸ்போர்ட் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் எல்லைக்கு வெளியே ஸ்வால்பார்டு இருப்பதால், ஆஸ்லோவிலிருந்து டிரோம்சோ வழியாகப் போகிறவர்களும் அங்கே இறங்கிச் சோதனை முடித்து ஏற வேண்டும்.)

ரெசொலூட் பேயில் இந்த அனுமானங்கள் ஒவ்வொன்றாக உடைகின்றன.

முதலாவது தரை. இகாலுயிட்டில் சுமார் 2,600 மீட்டர் நீளத் தார் ஓடுபாதை; 2006-இல் ஏர்பஸ் ஏ380-ஐக் குளிர்ச் சோதனைக்கு இங்கேதான் கொண்டுவந்தார்கள். ரெசொலூட் பேயில் இருப்பது ஏறத்தாழ 2,000 மீட்டர், ஆனால் சரளைக்கல். நீளம் போதும், பரப்புதான் பிரச்சினை. ஜெட் விமானத்தின் மூக்குச் சக்கரம் கல்லை வாரி வயிற்றில் அடிக்கும். இறக்கைக்குக் கீழே தாழத் தொங்கும் எஞ்சின் தரையிலிருந்து சுழற்காற்றை உறிஞ்சி, கூடவே கல்லையும் இழுத்துக்கொள்ளும்.

பழைய போயிங் 737-200-க்கு மட்டும் இதற்கென்று ஒரு சாதனத் தொகுப்பு இருந்தது. மூக்குச் சக்கரத்துக்குப் பின்னால் பனிச்சறுக்குப் பலகை போல ஒரு தடுப்புத் தகடு. ஒவ்வொரு எஞ்சினின் வாய்க்கும் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மெல்லிய குழாய். அதன் நுனியிலிருந்து காற்று கீழே பீய்ச்சப்பட்டு, சுழல் உருவாகும் முன்பே கலைத்துவிடும். வயிற்றுப் பக்கத்துக்குக் கூடுதல் பூச்சு. டயரில் காற்றழுத்தமும் குறைத்து வைப்பார்கள். பின்னால் வந்த 737-களின் எஞ்சின்கள் பெரிதாகித் தரைக்கு இன்னும் நெருங்கிவிட்டதால் அவற்றுக்கு இப்படி ஒரு தொகுப்பே வரவில்லை. 737-200 எல்லாம் 1988-இல் தயாரிப்பு நின்றுபோன விமானங்கள். வயதாகி ஒவ்வொன்றாக ஒதுங்க, சரளை ஊர்களுக்கு உயர இறக்கையும் புரொப்பெல்லரும் கொண்ட ஏடிஆர் 42 போன்றவையே வேலை செய்கின்றன. அதன் வேகம் மாடலைப் பொறுத்து மணிக்கு 480 முதல் 550 கி.மீ.

கணக்குக்கு 500 என்று வைப்போம். 1,575-ஐ 500-ஆல் வகுத்தால் 3 மணி 9 நிமிடம். தரையில் ஓடுவது, மேலே ஏறும்போது வேகம் குறைவது, இறங்கும் முன் ஓடுபாதைக்கு நேராக வருவது, இதற்கெல்லாம் 15 நிமிடம். ஆக 3 மணி 24. ஓடுபாதையின் கல் மட்டுமே பயணத்தில் ஒரு மணி நேரம் கூட்டிவிட்டது.

இரண்டாவது நிறுத்தம். வழக்கமாக இந்த விமானம் ஆர்க்டிக் பே என்ற ஊரில் இறங்கி ஏறித்தான் போகும். இகாலுயிட் முதல் ஆர்க்டிக் பே 1,221 கி.மீ., அங்கிருந்து ரெசொலூட் பே 360 கி.மீ. கூட்டினால் 1,581. நேர்பாதையைவிட ஆறேழு கி.மீ.தான் அதிகம், ஊர் கிட்டத்தட்டப் பாதையின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. வரைபடத்தைப் பார்ப்பவருக்கு நிறுத்தம் இலவசம் என்றே தோன்றும். நேரத்தில் அப்படி இல்லை. முதல் கட்டம் 2 மணி 27, அதோடு 15. தரையில் 40 நிமிடம்: ஆள் இறங்கி, முன்பக்கத்தில் பாதி விமானத்தை அடைத்திருக்கும் சரக்கில் கொஞ்சம் இறக்கி, எண்ணெய் போட்டு, தேவைப்பட்டால் இறக்கையில் பனி நீக்கும் திரவம் அடித்துக் கிளம்ப. இரண்டாம் கட்டம் 43, மறுபடி ஒரு 15. மொத்தம் 4 மணி 20. ஒரு நிறுத்தம் தூரத்தில் ஏழு கிலோமீட்டருக்குள், நேரத்தில் கிட்டத்தட்ட ஒரு மணி.

மூன்றாவது கடிகாரம். இகாலுயிட் கனடாவின் கிழக்கு நேரத்தில் இருக்கிறது, ரெசொலூட் பே மத்திய நேரத்தில். ஒரு மணி பின்னால். காலை 9:00-க்குக் கிளம்பி 4 மணி 20 நிமிடம் கழித்து இறங்கினால் உள்ளூர்க் கடிகாரம் 12:20 காட்டும். டிக்கெட்டில் இரண்டு நேரத்தையும் கழித்தால் 3 மணி 20 நிமிடம் என்றுதான் வரும். திரும்பும்போது மதியம் 1:00-க்குக் கிளம்பினால் இகாலுயிட்டில் மாலை 6:20. இப்போது 5 மணி 20. பயணம் இரண்டுமே ஒன்றுதான். ஆரம்பத்தில் சொன்ன டிக்கெட் குழப்பத்துக்கு விடை இவ்வளவே.

காற்று

விமானத்தின் வேகம் காற்றோடு ஒப்பிட்டது, தரையோடு அல்ல. வடமேற்கே போகும் நம் விமானத்துக்கு மேற்குக் காற்று பெரும்பாலும் எதிர்க்காற்று. மணிக்கு 80 கி.மீ. எதிர்த்தால் தரைவேகம் 420. நேர்பாதைக்கு 3 மணி 45 நிமிடம். திரும்பும்போது அதே காற்று தள்ளும், 580-இல் 2 மணி 43. போகும்போது இழந்ததை வரும்போது ஈடுகட்டிவிடும் என்று நினைப்போம். கூட்டிப் பாருங்கள்: 6 மணி 28. காற்றே இல்லாவிட்டால் 6 மணி 18. மெதுவான கட்டத்தில் அதிக நேரம் இருக்கிறோம், அதனால் காற்று எப்போதும் கொஞ்சம் கடன் வைத்துவிட்டுத்தான் போகும்.

இதே எண்களில் விமானிக்கு முக்கியமான இன்னொரு கணக்கு ஒளிந்திருக்கிறது. வழியில் எஞ்சின் கோளாறு வந்தால் முன்னே போவதா, திரும்புவதா? தூரத்தில் பாதி 787 கி.மீ. ஆனால் திரும்பும்போது காற்று தள்ளும் என்பதால் நேரத்தில் சமமான புள்ளி அதைத் தாண்டி இருக்கிறது: 1,575 × 580 ÷ (420 + 580), அதாவது இகாலுயிட்டிலிருந்து 914 கி.மீ. அதுவரை திரும்புவதே சீக்கிரம். (ஒரு எஞ்சினில் வேகம் குறையும், உண்மைக் கணக்கில் அந்தக் குறைந்த வேகத்தையே போடுவார்கள். காற்று கூட எடுத்துக்காட்டில் உள்ளதுபோல் நிலையாக இருக்காது.)

எரிபொருள் எவ்வளவு சுமக்க வேண்டும்

சென்னையில் இறங்க முடியாவிட்டால் பெங்களூரு இருக்கிறது, திருச்சி இருக்கிறது. ரெசொலூட் பேயில் கோடையில் கடல் திறந்ததும் தாழ்ந்த மேகமும் மூடுபனியும் வந்து உட்காரும். குளிர்காலத்தில் காற்று பனியை வாரி இறைத்து ஓடுபாதையை மறைக்கும். அப்போது பக்கத்து ஓடுபாதை என்பது 360 கி.மீ. தள்ளி, ஆர்க்டிக் பே. அங்கே அதே வானிலை இருந்தால் இன்னும் தூரம். கனடா விதிப்படி கருவிகளை நம்பிப் பறக்கும் புரொப்பெல்லர் விமானம் இலக்குக்குப் போய், மாற்று நிலையத்துக்கும் போய், அதற்குமேல் 45 நிமிடம் பறக்கும் எண்ணெயைச் சுமக்க வேண்டும். ஜெட்டுக்கு 30 நிமிடம். எதிர்க்காற்றுக் கணக்கில் 3:45, மாற்று நிலையத்துக்கு ஏறத்தாழ 45 நிமிடம், இருப்பு 45. ஐந்தேகால் மணி நேர எண்ணெய்.

எண்ணெய் கூடினால் எடை கூடும், அப்போது எதையாவது இறக்கித்தான் ஆக வேண்டும். பல நாளில் அது சரக்கு, சில நாளில் உங்கள் இரண்டாவது பெட்டி. ஆர்க்டிக் பே நிறுத்தத்துக்கு இதுவும் ஒரு நியாயம்: நடுவில் எண்ணெய் போட முடிந்தால் கிளம்பும்போதே எல்லாவற்றையும் சுமக்க வேண்டியதில்லை.

ஆக, டிக்கெட் போடுபவர் பார்க்க வேண்டியது மூன்று. விமான வகை என்ன, ஏடிஆரா ஜெட்டா. நடுவில் எத்தனை நிறுத்தம். அச்சிட்டிருக்கும் நேரம் எந்த ஊரின் கடிகாரம். இவை தெரிந்தால் மேலே உள்ள கணக்கைப் போட்டு அட்டவணைக்குக் கால் மணி முன்னே பின்னே வந்துவிடலாம். வானிலை மட்டும் அந்தக் கணக்கில் அடங்காது. இகாலுயிட்டிலிருந்து ஒட்டாவாவுக்கு அதே நாளில் இணைப்பு விமானம் போடுவதாக இருந்தால் இரண்டையும் ஒரே டிக்கெட்டில் எடுங்கள். தனித்தனியாக எடுத்தால் நடுவில் ஒரு இரவு விடுங்கள். ரெசொலூட் பேக்கு தினசரி விமானம் கிடையாது, ஒரு மூடுபனியில் தவறினால் அடுத்தது மறுநாள் அல்ல, சில நாள் கழித்து.